முதல் பைக்கில் முதல் மாதமே செய்த மாற்றங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையில் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியைப் பற்றிய பதிவு இது. வண்டி ஓட்டிய தம்பியும் அவர் அம்மாவும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும், வண்டிக் கம்பெனியின் பெயரையும், மாற்றங்களைச் செய்துகொடுத்த கடையின் பெயரையும் விட்டுவிட்டேன். முதல் பைக் எடுத்த கையோடு "என்னென்ன மாத்தலாங்ணா?" என்று கேட்டு வரும் பிள்ளைகள் இங்கே நிறைய. அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

தம்பிக்கு அப்போது வயது 22. படிப்பு முடித்து சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதுவரை வீட்டில் கிடந்த பழைய ஸ்கூட்டரைத்தான் ஓட்டியிருக்கிறார். கியர் வண்டி பழகியது லைசென்ஸ் எடுப்பதற்காக, அதுவும் நண்பனின் பைக்கில். வேலை நிரந்தரம் ஆனதும் தவணையில் ஒரு 160 சிசி பைக் எடுத்தார். பிஎஸ் 6 வண்டி, ஃப்யூல் இன்ஜெக்ஷன், முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு). முன்னால் 90/90-17 டயர், பின்னால் 110/80-17 (முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது அந்த அகலத்தில் டயரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில்). புதிதாக ஓட்டுகிறவருக்கு நல்ல தேர்வு என்றே சொல்வேன். அடக்கமான வண்டி, அவசரத்துக்குப் போதுமான வேகமும் உண்டு.

வீட்டில் அவரும் அம்மாவும் மட்டும். அம்மா எப்போதும் சேலைதான் கட்டுவார், பின் சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்துதான் வருவார். மார்க்கெட், கோயில், கல்யாணம் காட்சி என்று எதற்குப் போனாலும் மகனின் வண்டிதான். வண்டியின் உண்மையான உபயோகம் இதுதான் என்பது, மாற்றங்கள் பற்றி யோசித்த யாருடைய கணக்கிலும் வரவில்லை.

நான்கு தொந்தரவுகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை

வண்டி எடுத்த முதல் சில வாரங்களில் தம்பிக்கு நான்கு மனக்குறைகள் இருந்தன. இவை அவர் பின்னால் பட்டறையில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னவை. வரிசையாகக் குறித்து வைத்தேன், ஏனென்றால் ஒவ்வொரு மாற்றமும் ஏதோ ஒரு குறையிலிருந்துதான் கிளம்பியிருந்தது.

ஒன்று, ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் மணிக்கட்டும் தோளும் வலித்தன. இரண்டு, முதல் மழையில் பிரேக் பிடித்தபோது பின் சக்கரம் வழுக்கி வண்டி ஒரு பக்கமாகப் போனது. கீழே விழவில்லை, ஆனால் பயந்துவிட்டார். மூன்று, இரவில் சத்தி ரோட்டில் வரும்போது ரோடே சரியாகத் தெரியவில்லை. நான்காவது, ஆபீஸ் பார்க்கிங்கில் அதே மாடல் வண்டி வரிசையாக நிற்கிறது, தன் வண்டி தனியாகத் தெரியவில்லை. இந்த நான்காவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். 22 வயதில் முதல் சம்பளத்தில் வாங்கிய வண்டி மேல் அந்த ஆசை வருவது இயல்பு.

வீடியோக்கள் பார்த்தார், நண்பர்களைக் கேட்டார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உதிரிப் பொருள் கடை ஒன்றில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிக்கொண்டு வந்தார். கை வலிக்கு உயரமான ஹேண்டில்பார். வழுக்கலுக்குப் பின்னால் 140/70-17 டயர். இருட்டுக்கு ஒரு ஜோடி எல்இடி ஃபாக் லைட். தோற்றத்துக்காக வேறு சைலன்சர், ஹேண்டில் முனையில் மாட்டும் சின்னக் கண்ணாடிகள். பின் மட்கார்டைக் கழற்றிவிட்டு நம்பர் பிளேட்டை சீட்டுக்கு அடியில் தூக்கி வைத்தார்கள். அதோடு சேர்த்து சேலை கார்டு (பின் சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் கம்பிக்கூடு), பின்னால் இருக்கும் கைப்பிடி, செயின் கவர் மூன்றும் கழன்றன. "பின்னாடி கம்பிக்கூடு தொங்கினா லுக்கே போயிருதுங்ணா" என்பது அவர் சொன்ன காரணம். கழற்றிய பாகங்களைக் கடைக்காரர் ஒரு சாக்குப் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதை மட்டும் பத்திரமாக வீட்டுப் பரணில் வைத்திருந்தார் தம்பி. பின்னால் அது பெரிய உதவியாக இருந்தது.

மொத்தச் செலவு ஏறக்குறைய 35,000 ரூபாய். அவர் போட்டிருந்த ஹெல்மெட்டின் விலை 900 ரூபாய்.

கண்டுகொள்ளாமல் விட்ட அறிகுறிகள்

அடுத்த சில வாரங்களில் வண்டி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தது. பார்க்கிங்கில் இடது பக்கம் முழுதாக ஒடித்து வெளியே எடுக்கும்போது வண்டி தானாக முன்னால் பாய்ந்தது. கிளட்சை விடுவதில்தான் தனக்குப் பழக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டார். ஃபாக் லைட் போட்ட மூன்றாம் நாள் ஃப்யூஸ் போனது. பக்கத்தில் ஒருவர் சரிசெய்து கொடுத்தார், அதன்பின் போகவில்லை. ஆக்ஸிலரேட்டரை விடும்போதெல்லாம் சைலன்சரில் பட் பட்டென்று வெடிச்சத்தம். மைலேஜும் இறங்கியது. அம்மா மட்டும் ஒரு நாள் "பிடிச்சுக்க ஒண்ணுமே இல்லையே கண்ணு" என்று சொல்லியிருக்கிறார். தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் மகன்.

எல்லாம் ஒரே நாளில் மாறியிருந்ததால், எந்தக் கோளாறு எந்த மாற்றத்தால் வந்தது என்று பிரித்துப் பார்க்க அவரால் முடியவில்லை. அனுபவசாலிக்கே அது சிரமம். வண்டி ஒழுங்காக இருக்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதே இன்னும் கைக்குப் பழகாத ஒருவருக்கு, தப்பு வண்டியிலா தன் மேலா என்று தெரிய வழியே இல்லை.

அன்று நடந்தது

ஒரு முகூர்த்த நாள் காலை. அம்மா பட்டுச்சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தார். வலது கை மகனின் தோளில், மடியில் தாம்பூலப் பை. மண்டபம் இருக்கும் சந்துக்குள் திரும்பும் முன் ஒரு வேகத்தடை. வண்டி குலுங்கியதில் முந்தானை தோளிலிருந்து நழுவிப் பின்னால் இறங்கியது. சேலை கார்டு இருந்திருந்தால் அதன் மேல் விழுந்து நின்றிருக்கும். கார்டும் இல்லை, செயின் கவரும் இல்லை, மட்கார்டும் இல்லை. துணி நேராகச் சக்கரத்துக்கும் செயின் பல்சக்கரத்துக்கும் இடையில் போனது.

தம்பிக்குத் தெரிந்ததெல்லாம் வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது மாதிரி இருந்ததுதான். முனையில் மாட்டிய அந்தச் சின்னக் கண்ணாடியில் ரோடு தெரிந்தது, அம்மா தெரியவில்லை. இடது பக்கம் ஒடித்த நிலையில் ஆக்ஸிலரேட்டரை விட்டும் இன்ஜின் வேகம் உடனே இறங்கவில்லை. அவர் கிளட்சைப் பிடித்து நிறுத்துவதற்குள் அம்மா இடது பக்கமாகக் கீழே இழுக்கப்பட்டுவிட்டார். மெதுவாகப் போனதால் பிழைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். டீக்கடையில் நின்றவர்கள் ஓடி வந்து சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தி, சேலையைக் கத்தியால் அறுத்து அவரை விடுவித்தார்கள்.

இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, முழங்கையிலும் இடுப்பிலும் சிராய்ப்பு. அம்மாவுக்கு ஹெல்மெட் இல்லை. தலை தரையில் படவில்லை. பட்டிருந்தால் இந்தப் பதிவே வேறு மாதிரி இருந்திருக்கும்.

பிரித்துப் பார்த்தபோது

மறுநாள் வண்டியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பின் சக்கரம் சுற்றவில்லை. ஆக்ஸிலைத் தட்டிச் சக்கரத்தைக் கழற்றினோம். பல்சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் சேலை கயிறு மாதிரி முறுக்கேறி, விரல் நுழையாத அளவுக்கு இறுகிப் போயிருந்தது. நோஸ் பிளையரால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுத்தோம். பட்டு நூல் அறுந்து அறுந்து வந்தது. ஜரிகை மட்டும் அறாமல் ஆக்ஸில் சீலின் உதட்டில் சுற்றிக்கொண்டு அதைக் கிழித்திருந்தது. கப்ளிங் ரப்பர் நான்கையும் வெளியே எடுத்தபோது அதன் இடுக்கிலும் நூல். ஒரு முழு முற்பகல் இதற்கே போனது.

அப்புறம் வண்டியை முழுதாகப் பார்த்தோம். நடந்ததற்கு சேலை கார்டு இல்லாதது மட்டும்தான் காரணம் என்று நிறுத்தியிருந்தால் மற்றவை அப்படியே ஓடியிருக்கும்.

ஹேண்டில்பாரை உயர்த்தியவர்கள் கேபிள்களையும் பிரேக் ஹோஸையும் பழைய நீளத்திலேயே விட்டிருந்தார்கள். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டிலை மெதுவாக இடது பக்கம் திருப்பினேன். 1,400-இல் நின்ற ஆர்பிஎம் முள் திருப்பத் திருப்ப ஏறியது, முழு ஒடிப்பில் 2,500-ஐத் தாண்டியது. கை ஆக்ஸிலரேட்டர் மேலேயே இல்லை. ஹேண்டில் இடதுபுறம் போகும்போது வலது கைப்பிடி முன்னால் நகர்கிறது. நீளம் போதாத த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) கேபிளை அதுவே இழுத்துவிடுகிறது. முன் பிரேக் ஹோஸும் அதே நிலையில் வில் நாண் போல விறைத்து நின்றது. இன்னும் சில மாதம் போயிருந்தால் அது இணையும் இடத்தில் கசிய ஆரம்பித்திருக்கும். முன் பிரேக் இல்லாத நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஃபாக் லைட் ஒவ்வொன்றும் 40 வாட்ஸ். இரண்டும் சேர்ந்தால் 6 முதல் 7 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு ரிலே (அதிக மின்சாரத்தை ஹெட்லைட் வயர் வழியாக விடாமல் பேட்டரியிலிருந்து நேராகத் தரும் சுவிட்ச்) இல்லை, தனி ஃப்யூஸ் இல்லை. ஹெட்லைட் வயரின் தோலைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். அதுவும் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) பக்கத்தில், ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் வயர் மடங்கும் இடத்தில். டேப் உருகிப் பிசின் மாதிரி ஒட்டியது. ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தால், போன ஃப்யூஸின் இடத்தில் செம்புக் கம்பி. ஃப்யூஸ் போவது வண்டி கொடுக்கும் எச்சரிக்கை. அந்த இடத்தில் கம்பியை வைத்துவிட்டால் அடுத்து உருகப்போவது வயரிங் முழுவதும், பெட்ரோல் டேங்குக்கு நேர் கீழே.

டயர் விஷயம் புதியவர்களுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வண்டியின் பின் ரிம் 2.5 அங்குல அகலம். அது 110/80 டயருக்கென்று வடிவமைத்தது. 140/70 டயருக்குக் குறைந்தது 3.5 அங்குல ரிம் வேண்டும். குறுகிய ரிம்மில் மாட்டினால் டயரின் இரண்டு ஓரமும் உள்ளே இழுக்கப்பட்டு நடுப்பகுதி கூம்பிக்கொள்கிறது. வெளியே பார்க்க அகலமாகத் தெரியும், நேராகப் போகும்போது ரோட்டில் படும் பரப்போ எதிர்பார்த்த அளவுக்கு இருக்காது. சாய்க்கும்போது வண்டி ஒரு கட்டத்தில் சட்டென்று விழுவது போல இருக்கும். உயரமும் மாறுகிறது. 110/80-17 டயரின் மொத்த விட்டம் சுமார் 608 மில்லிமீட்டர், 140/70-17 டயருக்கு சுமார் 628. பின்பக்கம் 10 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டது. இங்கே டயரின் இடது ஓரத்தில் செயின் உரசிய கோடும் இருந்தது.

சைலன்சர் இணைப்பு சரியாக அடைபடவில்லை. அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போய், எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் எரிந்ததுதான் அந்த வெடிச்சத்தம். கழற்றி வைத்த பழைய சைலன்சருக்குள் காட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தது. ஆகவே புகைக் கட்டுப்பாடும் போயிருந்தது.

கடைசியாக ஒன்று. காற்றழுத்த அளவு அச்சிட்ட ஸ்டிக்கர் இந்த மாடலில் செயின் கவரில் இருக்கிறது. கவரோடு சேர்ந்து அதுவும் பரணுக்குப் போய்விட்டது. இரண்டு டயரிலும் 40 பிஎஸ்ஐ இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தம்பி முதலில் சொன்னது, "எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிருங்ணா, பழைய மாதிரியே ஆக்கிருங்க" என்பது. குற்ற உணர்ச்சியில் சொன்னார். அப்படியே செய்து அனுப்பியிருக்கலாம். ஆனால் முதலில் இருந்த தொந்தரவுகள் அப்படியே இருக்கும், ஆறு மாதம் கழித்து வேறு கடையில் வேறு மாற்றம் நடக்கும். அதனால் உட்காரவைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் இருந்த தொந்தரவு என்ன என்று கேட்டோம். மேலே எழுதிய நான்கு குறைகளும் அப்போது வந்தவைதான்.

பின் மட்கார்டு, சேலை கார்டு, கைப்பிடி, செயின் கவர், பழைய கண்ணாடிகள், சைலன்சர் எல்லாம் பரணிலிருந்து இறங்கி அன்றே மாட்டப்பட்டன. இதில் பேச்சுவார்த்தைக்கு இடம் வைக்கவில்லை. சேலை கார்டு ஓட்டுகிறவருக்கான பாகமே இல்லை. அதைக் கழற்றுவதால் அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, பின்னால் உட்காருகிறவருக்கு மட்டும்தான் தெரியும். கைப்பிடியும் அப்படித்தான். வண்டியை அழகுபடுத்தும் பேச்சில் பின் சீட்டுக்காரரின் குரல் கேட்கப்படுவதே இல்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். நம் ஊரில் சேலை கட்டியவர்களும் துப்பட்டா போட்டவர்களும் தினமும் ஆயிரக்கணக்கில் பின் சீட்டில் போகிறார்கள். கட்டு மாற்றிய கையோடு அம்மா பட்டறைக்கு வந்தபோது, "என்ற பையன் மேல தப்பில்லீங்க தம்பி, நாந்தான் முந்தானையைச் சொருகாம ஏறிட்டேன்" என்றார். அதை நான் ஏற்கவில்லை, அவரிடமே சொன்னேன். முந்தானை நழுவும் என்று தெரிந்துதான் கம்பெனி அந்தக் கார்டை வைத்து அனுப்புகிறது.

கை வலிக்கு வருவோம். பழைய ஹேண்டில்பாரை மாட்டி, தம்பியை ஏறி உட்காரச் சொல்லிப் பார்த்தோம். பிரேக், கிளட்ச் லீவர்கள் இரண்டும் மேலே தூக்கியிருந்தன. விரலை லீவரில் வைத்தால் மணிக்கட்டு பின்பக்கம் மடங்கியது. போல்ட்டைத் தளர்த்தி, முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக வரும்படி லீவர்களைக் கீழே இறக்கினோம். கிளட்ச் கேபிளின் தளர்வைச் சரிசெய்தோம். அப்புறம் முட்டியால் டேங்கை அணைத்துப் பிடிக்கச் சொன்னோம். அவர் அதுவரை உடம்பின் பாரத்தையெல்லாம் கையில் தாங்கி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தார். இந்தச் சரிசெய்தலுக்கு எந்தப் பாகமும் வாங்க வேண்டியதில்லை.

மழையில் வழுக்கியதற்கு டயர் காரணம் இல்லை. ஸ்கூட்டர் பழக்கத்தில் பின் பிரேக்கை அழுத்தி மிதித்திருக்கிறார். இந்த வண்டியில் பின் சக்கரத்துக்கு ஏபிஎஸ் கிடையாது, அதனால் லாக் ஆகிவிட்டது. போதாக்குறைக்குப் பெட்ரோல் பங்கில் அடித்த 40 பிஎஸ்ஐ காற்று. பழைய அளவு டயரைத் திரும்ப மாட்டினோம். முன்னால் 25, பின்னால் தனியாகப் போகும்போது 28, ஆள் ஏறினால் 32 என்று ஸ்டிக்கரில் இருந்த அளவை டேங்குக்கு அடியிலும் எழுதி ஒட்டினோம். எங்கள் பையன் ஒருவர் ஞாயிறு காலைகளில் காலி மைதானம் ஒன்றில் அவருக்கு முன் பிரேக் பழக்கினார். பட்டென்று பிடிக்காமல், படிப்படியாக அழுத்தம் கூட்டுவது, பின் பிரேக்கை லேசாக மட்டும் தொடுவது. வண்டியின் முன்பாரம் பிரேக் பிடிக்கும்போது எப்படி ஏறுகிறது என்று அவர் கையால் உணர்ந்த பிறகுதான் அந்தப் பயம் போனது.

இருட்டுக்கான காரணம் எங்களையே ஆச்சரியப்படுத்தியது. அவர் ஹெல்மெட்டில் கறுப்பு வைசர். பகலுக்கென்று வாங்கியதை இரவிலும் இறக்கிவிட்டே ஓட்டியிருக்கிறார். கூடவே ஹெட்லைட் கீழ்நோக்கிச் சாய்ந்து, வண்டிக்கு முன்னால் கொஞ்ச தூரம் மட்டுமே காட்டியது. சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, அவரை ஏற்றி உட்காரவைத்து, ஸ்க்ரூவைத் திருகி லைட்டைச் சரிசெய்தோம். தெளிவான வைசர் போட்டுக்கொண்டு அன்று இரவு ஓட்டிப் பார்த்தவர், ஃபாக் லைட் வேண்டாம் என்று அவராகவே சொல்லிவிட்டார். உருகிய வயரை வெட்டி எடுத்து, புது வயர் சால்டர் செய்து, சரியான ஃப்யூஸ் போட்டோம்.

சட்டம், இன்சூரன்ஸ்

இதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்சியில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும், பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும், கால் வைக்கும் இடமும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி சொல்கிறது. அதாவது சேலை கார்டும் கைப்பிடியும் கம்பெனிக்காரர்களின் விருப்பத்தில் வைக்கப்படுபவை கிடையாது. 80 முதல் 175 சிசி வரையான பைக்குகளுக்குத் தயாரிப்பு நிலையில் 77 டெசிபல் என்று சத்தத்துக்கும் வரம்பு இருக்கிறது.

நம்பர் பிளேட்டை இடம் மாற்றியபோது உயர்பாதுகாப்பு பிளேட்டின் பூட்டை உடைத்து சாதாரண போல்ட் போட்டிருந்தார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு இந்த பிளேட் கட்டாயம், அந்தப் பூட்டு ஒருமுறைதான் பூட்டும். ஷோரூமில் எழுதிக் கொடுத்து மாற்றினார்.

சிகிச்சைச் செலவைக் குடும்பம் தன் கையிலிருந்தே பார்த்துக்கொண்டது. மாற்றங்களைப் பற்றி இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்கவே இல்லை. தெரிவிக்காத மாற்றம் இருக்கும் வண்டிக்கு சேதக் கோரிக்கை வைத்தால் சர்வேயர் முதலில் கேட்பது அதைத்தான்.

அதற்குப் பின்

அம்மாவின் மணிக்கட்டு ஆறு வாரத்தில் கூடியது. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் பைக்கில் ஏறவில்லை. பஸ்ஸில் போனார். மறுபடி ஏறியபோது முந்தானையை இடுப்பில் சொருகி, ஹெல்மெட் போட்டு, பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் ஹெல்மெட்டை மகன்தான் வாங்கிக் கொடுத்தார். தனக்கும் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, தலைக்குச் சரியாக உட்காரும் ஒன்று, ஒரு ஜோடி கையுறை, மழைக்கோட்டு. கழற்றிய டயரையும் சைலன்சரையும் விற்ற பணத்தில் இவை வந்தன.

மணிக்கட்டு வலி லீவரைச் சரிசெய்ததில் போய்விட்டது. தோள் வலி முழுதாகப் போகவில்லை. தம்பி நல்ல உயரம், ஆறடிக்கு மேல். ஏழெட்டு மாதம் ஓட்டிய பிறகு வந்து, "நீண்ட தூரம் போனா மட்டும் இன்னும் தோள் இழுக்குதுங்ணா" என்றார். முதல் தடவை வந்த கோரிக்கைக்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. எந்த நிலையில், எவ்வளவு நேரம் கழித்து, எந்த இடத்தில் வலிக்கிறது என்று இப்போது அவரால் சொல்ல முடிந்தது. பழைய ஹேண்டில்பாருக்கு அடியில் 20 மில்லிமீட்டர் ரைசர் (அதை உயர்த்தும் கட்டை) வைத்தோம். கேபிள்களின் வழியை மாற்றி, இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து ஆர்பிஎம் ஏறுகிறதா, ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்தே அனுப்பினோம். டேங்கின் இரு பக்கமும் முட்டிக்குப் பிடிப்பான ரப்பர் ஒட்டினார். போன் சார்ஜர் ஒன்றைத் தனி ஃப்யூஸோடு மாட்டினோம். இதுவரை வண்டியில் இருக்கும் மாற்றங்கள் இவ்வளவுதான்.

நான்காவது குறைக்கு, அதாவது வண்டி தனியாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைக்கு, ரிம்மில் மெல்லிய சிவப்புக் கோடு ஒட்டிக்கொண்டார். நன்றாகவே இருக்கிறது. பதிவான நிறத்தையே மாற்றாத வரை இதில் ஒரு தொந்தரவும் இல்லை.

மாற்றிக்கொண்ட நடைமுறை

இந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் பட்டறையில் முதல் பைக்கோடு வருகிறவர்களிடம் என்ன பாகம் வேண்டும் என்று கேட்பதில்லை. என்ன தொந்தரவு என்று கேட்கிறோம். அடுத்த கேள்வி, பின்னால் யார் உட்காருவார்கள் என்பது. அதற்கு வரும் பதிலை வேலைச் சீட்டிலேயே எழுதிவிடுகிறோம். அம்மா, பாட்டி, தங்கச்சி என்று பதில் வந்தால் சேலை கார்டு பக்கம் கை போகாது. "தனியாத்தாங்ணா ஓட்டுவேன்" என்றாலும் போகாது, ஒரு நாள் யாராவது ஏறத்தான் செய்வார்கள்.

முதல் சர்வீஸ் முடியும் வரை உட்காரும் முறை, லீவர், கியர் பெடலின் உயரம், கண்ணாடி, ஹெட்லைட், காற்றழுத்தம், செயின் தளர்வு, இவற்றை மட்டுமே சரிசெய்து தருகிறோம். பாதிப் பேருக்கு அதிலேயே தேவை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மாற்றம் வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு ஒன்று. அடுத்ததைச் செய்ய 500 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு வரச் சொல்கிறோம், கோளாறு வந்தால் எதனால் என்று தெரிய வேண்டும் அல்லவா. கழற்றிய பாகம் எதுவும் கடையில் தங்காது, எடைக்கும் போகாது. போல்ட்டோடு சேர்த்துப் பையில் கட்டி, வண்டி எண் எழுதி உரிமையாளர் கையில் கொடுத்துவிடுகிறோம்.

மின்சார வேலை என்றால் ரிலேயும் தனி ஃப்யூஸும் இல்லாமல் செய்வதில்லை. வாரண்டியில் இருக்கும் வண்டியின் வயரை வெட்டுவதும் இல்லை, பிளக் போட்டு இணைக்க முடிந்தால் மட்டும் செய்கிறோம். ஹேண்டில்பாரில் கை வைத்த எந்த வண்டியும் அந்த இடது, வலது ஒடிப்புச் சோதனை முடியாமல் வெளியே போகாது. அரை நிமிட வேலை. வேறு கடையில் மாற்றியவர்களும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஐடிலில் விட்டு ஹேண்டிலை முழுதாக இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஆர்பிஎம் ஏறினால் அன்றைக்கே கேபிளைச் சரிசெய்யுங்கள்.

டயரை அகலமாக்க வேண்டும் என்று இன்னமும் வாரம் ஒருவராவது வருகிறார்கள். ரிம்மின் மேல் அச்சாகியிருக்கும் அகலத்தை அவர்களையே படிக்கச் சொல்லி, அதற்குப் பொருந்தும் அளவுகளின் பட்டியலைக் காட்டுகிறோம். இந்த வண்டியின் ரிம்முக்கு ஒரு படி மேலே போகலாம் என்றால் 120/80-17 வரைதான். அதுவும் செயினுக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, பழைய டயர் தேய்ந்து மாற்றும் நேரம் வந்த பிறகு.